மலைக்கு அப்பால் உள்ள ஊர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குரோஷியாவின் வடமேற்கு மூலையில் குன்றுகள் நிறைந்த ஸாகோர்யே பகுதியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்க அளவில் எழுதியிருந்தோம். அந்தக் குறிப்பு போதவில்லை என்பதை அதன் பிறகு வந்த கடிதங்கள் உணர்த்தின. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: வரைபடத்தில் ‘ஸாகோரா’ என்றும் ‘ஸாகோர்யே’ என்றும் இரண்டு பெயர்களைக் காண்கிறேன். இரண்டும் ஒரே பகுதிதானா?

பதில்: இல்லை. ‘ஸா’ என்றால் அப்பால், ‘கோரா’ என்றால் மலை. இரண்டு பெயர்களும் ‘மலைக்கு அப்பால்’ என்ற ஒரே பொருளில் பிறந்தவைதாம். ஆனால் மலை வேறு, பார்த்தவர் நின்ற இடமும் வேறு. தால்மாத்தியக் கடற்கரையில் நிற்பவருக்குக் கரையோர மலைகளின் மறுபுறத்தில் இருக்கும் வறண்ட சுண்ணாம்புப்பாறை நிலம் ஸாகோரா. தலைநகர் ஸாக்ரெப்பில் நிற்பவருக்கு, நகரின் வடக்கே 1,035 மீட்டர் உயரம் வரை எழும் மெட்வெட்னிட்சா மலையின் மறுபக்கம் ஸாகோர்யே. அங்கிருந்து வடக்கே இவான்ஷ்சிட்சா மலை வரையிலும், மேற்கே ஸ்லோவேனிய எல்லையான சுத்லா ஆறு வரையிலும், சிறு குன்றுகளும் ஓடைகளும் திராட்சைத் தோட்டங்களுமாகப் பரந்திருக்கும் ஈரமான பச்சை நிலம் அது. ஸ்லோவேனியாவிலும் ஸாகோர்யே என்ற பெயரில் ஓர் ஊர் இருப்பதால், குழப்பம் நேராமலிருக்க ‘குரோஷிய ஸாகோர்யே’ என்றே முழுப்பெயரில் குறிப்பிடுவது வழக்கம்.

கேள்வி: கிராப்பினா–ஸாகோர்யே மாவட்டத்தில் ஏழு நகரங்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவற்றில் சிலவற்றின் மக்கள்தொகையைப் பார்த்தால் கிராமம் என்று சொல்லவே தோன்றுகிறது. எந்தக் கணக்கில் அவை நகரங்கள்?

பதில்: நியாயமான ஐயம். குரோஷியச் சட்டத்தில் ‘கிராட்’ என்னும் நகரமும் ‘ஓப்சினா’ என்னும் ஊராட்சியும் உள்ளாட்சி அலகுகளுக்கு வைக்கப்பட்ட பெயர்கள். மாவட்டத் தலைநகராக இருந்தாலோ, பத்தாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தாலோ ஓர் ஊர் நகரமாகும். வரலாறு, பொருளாதாரம் போன்ற காரணங்களுக்காக விதிவிலக்கும் அளிக்கலாம். கிளான்யெட்ஸ் அப்படிப்பட்ட ஒரு நகரம். சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அங்கே மூவாயிரம் பேர்கூட இல்லை. கிராப்பினா, ஸாபோக், ஸ்லாட்டார், ப்ரெக்ராடா, ஓரோஸ்லாவ்யே, டோன்யா ஸ்டூபிட்சா ஆகியவை மற்ற ஆறு. இவற்றோடு 25 ஊராட்சிகளும் சேர்ந்ததே மாவட்டம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,32,892 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 2021இல் சுமார் 1,20,700 ஆகக் குறைந்துவிட்டது.

எங்களைக் கேட்டால், ஸாகோர்யேயை நகரங்களின் பட்டியலாகப் பார்ப்பதே தவறான தொடக்கம் என்போம். சாலையும் ரயில்பாதையும் சந்தையும் பள்ளத்தாக்கில் இருக்கின்றன; வீடுகளோ குன்றின் முதுகிலும் சரிவிலும் நாலும் ஐந்துமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு சிற்றூர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது வெளியாளுக்குப் புலப்படாது. குன்றின் உச்சியில் ஒரு தேவாலயம், சற்றுக் கீழே திராட்சைக் கொடிகளுக்கு நடுவில் ‘கிலெட்’ எனப்படும் சிறிய மதுக்குடில் என்பதே திரும்பத் திரும்பக் கண்ணில் படும் காட்சி. ஊர்ப் பெயர்களும் நிலத்தைப் பார்த்தே வைக்கப்பட்டவை. ‘கோர்ன்யா’ என்றால் மேல், ‘டோன்யா’ என்றால் கீழ், ‘ஹும்’ என்றால் மேடு, ‘தோப்லிட்சே’ என்றால் வெந்நீர் ஊற்று. ஆகவே ஸ்டூபிச்கே தோப்லிட்சே, கிராப்பின்ஸ்கே தோப்லிட்சே என்ற பெயர்களைப் படித்த உடனேயே அங்கே நீராடும் குளங்கள் உண்டென்று தெரிந்துகொள்ளலாம்.

மாவட்ட எல்லையும் பண்பாட்டு எல்லையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லெபோக்லாவா, இவானெட்ஸ், திராகோஷ்ச்சான் கோட்டை ஆகியவை நிர்வாகத்தில் வராஜ்தின் மாவட்டத்தைச் சேர்ந்தவை; ஆயினும் அவற்றை விட்டுவிட்டு ஸாகோர்யேயைப் பற்றி எழுத முடியாது.

கேள்வி: கிராப்பினாவில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புகளுக்கு என்ன தனிச்சிறப்பு?

பதில்: முதற்சிறப்பு எண்ணிக்கை. 1899ஆம் ஆண்டு, ஊரை ஒட்டிய ஹுஷ்னியாகோவோ குன்றின் மணற்பாறைக் குகையில் தொல்லுயிரியலாளர் டிராகுடின் கோர்யானோவிச்-கிராம்பெர்கெர் அகழாய்வைத் தொடங்கினார். 1905 வரை நீடித்த அந்தப் பணியில், பல பத்து நியாண்டர்தால் மனிதர்களின் எலும்புத் துண்டுகளும் பற்களுமாக ஏறக்குறைய தொள்ளாயிரம் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 1,30,000 ஆண்டுகள். எலும்புகளில் உள்ள ஃபுளோரின் அளவை ஒப்பிட்டு, மனித எலும்பும் அதனுடன் கிடைத்த விலங்கெலும்பும் ஒரே காலத்தவை என்று காட்டியதும், புதைபடிவ ஆய்வில் எக்ஸ்-ரேயைத் தொடக்கக் காலத்திலேயே பயன்படுத்தியதும் அவருடைய பெருமைகள். எலும்புகளிலிருந்த வெட்டுத்தடங்களைக் கண்டு இவர்கள் மனித இறைச்சி உண்டவர்கள் என்று அவர் கருதினார். அது குறித்த விவாதம் இன்னும் முடியவில்லை.

எங்களை அதிகம் கவர்ந்தது வேறொன்று. அதே குகையில் கிடைத்த எட்டு வெண்வால் கழுகு நகங்களை 2015இல் மறுபடி ஆராய்ந்தவர்கள், அவற்றில் வெட்டிய தடமும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த மெருகும் இருப்பதைக் கண்டு, அவை கோத்து அணிந்த அணிகலனாக இருக்கலாம் என்று எழுதினார்கள். நூறாண்டுக்கும் மேலாக அருங்காட்சியகப் பெட்டியில் கிடந்த பொருள்கள் அவை! அகழாய்வு நடந்த இடத்தின் அருகிலேயே 2010இல் புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

கேள்வி: யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோவும், அதிலிருந்து பிரிந்த குரோஷியாவின் முதல் அதிபர் துஜ்மானும் இந்தப் பகுதிக்காரர்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. யோசிப் பிரோஸ் டிட்டோ 1892ஆம் ஆண்டு சுத்லா ஆற்றங்கரையிலுள்ள கும்ரோவெட்ஸில் பிறந்தார். தந்தை குரோஷியர், தாய் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஸ்லோவேனிய ஊரைச் சேர்ந்தவர். ஃபிரான்யோ துஜ்மான் 1922ஆம் ஆண்டு வெலிகோ டர்கோவிஷ்சேயில் பிறந்தார். இரண்டும் இன்று ஒரே மாவட்டத்தில் உள்ள ஊராட்சிகள். துஜ்மான் இளமையில் டிட்டோவின் பார்ட்டிசான் படையில் போரிட்டவர், பின்னர் அதே அரசின் படைத்தலைவர்களில் ஒருவராக உயர்ந்தவர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இருவரையும் பிறந்த மாவட்டத்தைவிட நெருக்கமாக இணைக்கும் ஊர் ஒன்று உண்டு, அது லெபோக்லாவா. ‘அழகிய தலை’ என்று பொருள்படும் அந்த ஊரில் 1400ஆம் ஆண்டையொட்டிப் பவுலின் துறவிகளுக்கு ஒரு மடம் எழுந்தது. 1503இல் அங்கே பொதுமக்களுக்கான இலக்கணப் பள்ளி தொடங்கியது; நாட்டின் கல்வி வரலாற்றை எழுதுவோர் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். 1786இல் இரண்டாம் யோசெப் பேரரசர் அந்தத் துறவியர் சபையைக் கலைத்தார். காலியாகக் கிடந்த மடம் 1854இல் சிறைச்சாலை ஆயிற்று. 1928இல் ஸாக்ரெப்பில் ஐந்தாண்டுத் தண்டனை பெற்ற கம்யூனிஸ்டான டிட்டோ, அதில் ஒரு பகுதியை லெபோக்லாவாவில் கழித்தார். அவரே ஆட்சிக்கு வந்த பின், 1946இல் பதினாறு ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்ட ஸாக்ரெப் பேராயர் அலோய்சியே ஸ்தெபினாட்ஸ், 1951 வரை அதே சிறையில் இருந்தார். டிட்டோ மறைந்த பிறகு, 1981இல் தண்டிக்கப்பட்ட துஜ்மானும் அங்கேதான் அடைக்கப்பட்டார். அவர் அதிபராக இருந்த 1998இல், இன்னொரு ஸாகோர்யே ஊரான மரியா பிஸ்ட்ரிட்சாவின் மாதா திருத்தலத்துக்குப் போப் இரண்டாம் ஜான் பால் வந்து, ஸ்தெபினாட்ஸுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளித்தார். ஸ்தெபினாட்ஸைப் புனிதராகப் போற்றுவோரும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாஜிகளின் ஆதரவோடு குரோஷியாவை ஆண்ட உஸ்தாஷா இயக்கத்தின் ஆட்சியின்போது அவர் நடந்துகொண்ட விதத்தைக் கண்டிப்போரும் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கும்ரோவெட்ஸில் டிட்டோ பிறந்த வீட்டின் முன் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. நீண்ட படைமேலங்கி அணிந்து, தலையைச் சற்றுக் குனிந்து, ஏதோ யோசனையில் நடப்பவரைப் போன்ற உருவம் அது. உயர்த்திய கையோ பீடத்து வீராப்போ அதில் இல்லை. செய்தவர் பக்கத்து ஊரான கிளான்யெட்ஸில் 1900இல் பிறந்த சிற்பி அந்துன் அவ்குஸ்டின்சிச், நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முன்னுள்ள குதிரைமேல் பெண் சிலையும் அவர் கைவண்ணமே. 2004 டிசம்பரில் யாரோ குண்டு வைத்துக் கும்ரோவெட்ஸ் சிலையைச் சாய்த்தார்கள், தலை துண்டானது. பழுது பார்த்து மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார்கள். வீட்டைச் சுற்றியுள்ள பழைய கிராமம் முழுவதும் இன்று திறந்தவெளி அருங்காட்சியகம். அரசியலில் ஆர்வமில்லாதவர்கள்கூட அந்தக் கூரைகளையும் கொல்லன் பட்டறையையும் பார்க்கவாவது போகலாம்.

கேள்வி: ஸாகோர்யே மக்கள் பேசுவது தனி மொழியா?

பதில்: குரோஷிய மொழியின் கைகாவியன் வழக்கு. ‘என்ன?’ என்பதற்கு ‘காய்’ என்பார்கள். அதனால்தான் அந்தப் பெயர். பொதுமொழியில் ‘ஷ்தோ’, கடற்கரை வழக்கொன்றில் ‘சா’. இதில் ஒரு முரண் இருக்கிறது. குரோஷிய எழுத்துமுறையைச் சீர்ப்படுத்தி, 1830இல் அதற்கென நூல் வெளியிட்ட லூதெவிட் காய், கிராப்பினாவில் 1809இல் பிறந்தவர். (தமிழெழுத்தில் அவர் பெயரும் அந்த வினாச்சொல்லும் ஒன்றாகிவிடுவதற்கு நாங்கள் பொறுப்பல்ல, அவருடையது வல்லோசை இல்லாத ‘க’.) 1835இல் அவர் தொடங்கிய ‘டானிட்சா’ இதழ் முதலில் கைகாவியனில் வந்தது, மறு ஆண்டே ஷ்தோகாவியனுக்கு மாறியது. தென் ஸ்லாவியர் அனைவரையும் ஒரே எழுத்துமொழியில் இணைக்க வேண்டும் என்ற இலக்குக்காகத் தம் வீட்டு வழக்கையே அவர் விட்டுக்கொடுத்தார். அந்த முதலாண்டு இதழில்தான் அந்துன் மிஹானோவிச்சின் கவிதை வெளியானது; இன்று அது நாட்டுப்பண். அதற்கான நினைவுத்தூண், கிளான்யெட்ஸ் அருகே சுத்லா பாயும் ஸெலென்யாக் இடுக்கில், 1935இல் நூற்றாண்டை ஒட்டி நிறுத்தப்பட்டது.

கேள்வி: 1573 உழவர் கிளர்ச்சி எந்த ஊரில் நடந்தது?

பதில்: ஸுஸெட்கிராட், ஸ்டூபிட்சா ஆகிய நிலக்கிழமைகளின் ஆண்டையான ஃபிரான்யோ தாஹியின் கொடுமையை எதிர்த்து எழுந்த அந்தக் கிளர்ச்சி, பிப்ரவரி 9 அன்று ஸ்டூபிச்கே தோப்லிட்சே அருகே நடந்த போரில் நசுக்கப்பட்டது. தலைவர் மதியா குபெட்ஸ் ஸாக்ரெப்பில் கொல்லப்பட்டார்; பழுக்கக் காய்ச்சிய இரும்பு மகுடத்தை அவர் தலையில் சூட்டினார்கள் என்பது மக்கள் மரபு. அவர் உழவர்களைக் கூட்டிப் பேசியதாகச் சொல்லப்படும் லிண்டன் மரம் கோர்ன்யா ஸ்டூபிட்சா தேவாலயத்தருகே நிற்கிறது. கிளர்ச்சியை அடக்கிய ஆளுநர் ஆயர் யூராய் டிராஷ்கோவிச். ஏரிக்கரையில் வெள்ளையாக மின்னும் திராகோஷ்ச்சான் கோட்டை பல நூற்றாண்டு அவர் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. அந்தக் கோட்டையின் படம் அச்சாகாத சுற்றுலா ஏடு இல்லை. குபெட்ஸின் மரத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

கேள்வி: கைவினைப் பொருள்கள் எங்கே கிடைக்கும்? விலை கொடுத்து வாங்கத் தகுந்தவை எவை?

பதில்: மரியா பிஸ்ட்ரிட்சாவும் அதைச் சுற்றியுள்ள லாஸ், துகோனிட்சா போன்ற சிற்றூர்களும் மரப்பொம்மைக்குப் பேர்போனவை. 2009இல் அக்கலை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. வில்லோ, லிண்டன், பீச், மேப்பிள் மரங்களை வெட்டி உலர்த்திச் செதுக்குவது ஆண்களின் வேலை; சிவப்பு, மஞ்சள், நீல நிறங்களில் கைபோன போக்கில் பூவேலை தீட்டுவது பெண்களின் வேலை. சக்கரத்தில் உருளும் பறவைப் பொம்மையை வாங்கித் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரு மரச்சிறகுகளும் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒன்றைப்போல இன்னொன்று இராது. கோடு கோணியிருந்தால் குறையாக எண்ண வேண்டாம். தேன் சேர்த்த மாவில் செய்து சிவப்பு மெருகிட்டு, நடுவில் சிறு கண்ணாடி பதித்த ‘லிட்சிதார்’ இதயங்கள் பார்வைக்கு மட்டும். லெபோக்லாவாவில் நூலால் பின்னும் சரிகை (லேஸ்) விலை கூடியது. ஆனால் அதன் பின்னாலுள்ள உழைப்பைப் பார்த்தவர் பேரம் பேசமாட்டார்.

2023 ஜனவரி முதல் அங்கே யூரோதான் செலாவணி. பழைய பயண நூல்களில் உள்ள குனா விலைகளை நம்ப வேண்டாம்.

கேள்வி: ‘ஷ்த்ருக்லி’ என்பது கொழுக்கட்டை போன்றதா?

பதில்: கிட்டத்தட்ட. மேசை விரிப்பின் மேல் மாவை, கீழே உள்ள துணி தெரியும் அளவுக்கு இழுத்து மெல்லியதாக்குவார்கள். முட்டையும் புளித்த பாலேடும் கலந்த பசும் பாலாடைக்கட்டியை அதன்மேல் பரப்பி, விரிப்பைத் தூக்கியே மாவை உருட்டிவிடுவார்கள். கத்தியால் வெட்டமாட்டார்கள், சாப்பாட்டுத் தட்டின் விளிம்பை அழுத்தித் துண்டாக்கினால்தான் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு உள்ளீடு வெளியே வராது. பிறகு கொதிநீரில் வேகவைக்கலாம், அல்லது பாலேட்டை ஊற்றி அடுப்பில் சுடலாம். இரண்டும் கிடைக்கும் கடையில் சுட்டதையே கேளுங்கள்.