மியூட்டில் தொடங்கட்டும்

கேள்வி: ரயிலில், பஸ்ஸில் செல்போனை ஸ்பீக்கரில் அலறவிட்டு வீடியோ பார்க்கிறார்கள். "இயர்போன் போடுங்கள், பிறரை மதியுங்கள்" என்று ஆன்லைனில் தினம் ஒரு பிரசாரம் வருகிறது. ஒருவரும் திருந்தியதாகத் தெரியவில்லை. வளர்ப்பு சரியில்லாதவர்களிடம் பிரசாரம் செய்து என்ன பயன்?
- வாசகர், விழுப்புரம்

பதில்: வளர்ப்பின் மேல் பழி போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அதே ஆள், அதே போனில் பிரவுசரைத் திறந்து ஒரு செய்தித் தளத்துக்குப் போனால், தானாக ஓடும் வீடியோ பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் தொடங்கும். குறும்வீடியோ ஆப் ஒன்றைத் திறந்தால், மீடியா வால்யூம் கடைசியாக எந்த அளவில் இருந்ததோ அந்த அளவில் பல நேரம் பாட்டு வெடித்துக் கிளம்பும். இரண்டு இடத்திலும் ஆள் ஒருவர்தான், அவருடைய வளர்ப்பும் ஒன்றுதான். தொடக்க நிலையை யார், எப்படி அமைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பிரவுசருக்கு இந்த நாகரிகம் தானாக வந்துவிடவில்லை. இணையத் தளங்கள் எல்லோருக்கும் பயன்படும்படி இருக்கவேண்டும் என்று வகுத்த சர்வதேச வழிகாட்டுதல், 2008-லேயே தளங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டது: தானாக ஒலிக்கும் சத்தம் 3 விநாடிக்கு மேல் நீடித்தால், அதை நிறுத்தவோ குறைக்கவோ வழி வைக்கவேண்டும். முக்கியமாக, திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவர்களுக்கு, பக்கம் போடும் சத்தத்தில் அந்தக் குரலே கேட்காமல் போய்விடும். நியாயமான, தெளிவான வேண்டுகோள்தான். ஆனாலும் எத்தனையோ தளங்கள் கேட்கவில்லை. 20 டேப் திறந்துவைத்தவர், எந்த டேப்பிலிருந்து விளம்பரம் கத்துகிறது என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு பிரவுசர்காரர்களே கை வைத்தார்கள். 2017-ல் சஃபாரி 11, 2018 ஏப்ரலில் குரோம் 66, 2019 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 66. விவரங்களில் வித்தியாசம் உண்டு. விதியின் சாரம் ஒன்றுதான். சத்தமில்லாத வீடியோ தானாக ஓடலாம். சத்தம் வேண்டுமானால் பயனர் பக்கத்தைத் தொட்டிருக்கவேண்டும். கம்ப்யூட்டரில் குரோம் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. ஒரு தளத்தில் நீங்கள் வழக்கமாக வீடியோவைச் சத்தத்தோடு, 7 விநாடிக்கு மேல் பார்க்கிறீர்களா என்று எண்ணி, அப்படிப்பட்ட தளத்துக்கு மட்டும் சலுகை தருகிறது. பத்து வருட வேண்டுகோளில் நடக்காதது சில பதிப்பு மாற்றங்களில் நடந்துவிட்டது.

சத்தமில்லாத வீடியோவை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்கலாம். வீடியோவை ஒரேயடியாகத் தடுத்தபோது தளங்கள் அசையும் ஜிஃப் படங்களுக்குத் தாவின. ஒரே காட்சி ஜிஃப் ஆக வந்தால் வீடியோவைப்போல 12 மடங்குவரை டேட்டா தின்னும் என்று சஃபாரியின் எஞ்சினை எழுதுகிறவர்களே 2016-ல் கணக்குச் சொன்னார்கள். தடுப்பதற்கும் அளவு வேண்டும் என்பது அதில் தெரிந்தது. குரோமும் ஒருமுறை சறுக்கியது. முதல் முயற்சியில் பிரவுசர் விளையாட்டுகள் பலவும் ஊமையாகிவிட, 2018 மே மாதம் அந்தப் பகுதியை மட்டும் பின்வாங்கி, தளம் எழுதுபவர்களுக்கும் விளையாட்டு செய்பவர்களுக்கும் அவகாசம் கொடுத்து, அந்த ஆண்டின் கடைசியில்தான் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

இந்த விதி பிரவுசருக்குள் மட்டும்தான் செல்லும். ஆப்புக்குப் போன் சொல்வதுதான் சட்டம். போனோ அதை ஆப் எழுதுபவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. "நான் சைலன்ட்டில்தானே வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டில் ரிங்டோனுக்கு ஒரு வால்யூம், மீடியாவுக்கு வேறு வால்யூம். சைலன்ட் பட்டன் முதலாவதை மட்டும் அடக்கும். ஐபோனில் ஆப் எழுதுபவர் தன் சத்தம் எந்த வகை என்று அறிவிக்கவேண்டும். ஒரு வகை சைலன்ட்டுக்குக் கட்டுப்படும். பாட்டு, சினிமாவுக்கான வகை கட்டுப்படாது. அலாரமும் பாட்டும் சைலன்ட்டிலும் கேட்கவேண்டும் என்பதற்காக வந்த வசதி, பக்கத்து சீட்டுக்காரரின் தூக்கத்தில் வந்து முடிகிறது.

இன்னொரு விபத்தும் உண்டு. இயர்போன் கழன்றாலோ புளூடூத் அறுந்தாலோ "இனிமேல் ஸ்பீக்கரில் கேட்கப்போகிறது" என்று ஆண்ட்ராய்டு எல்லா ஆப்புக்கும் ஒரு எச்சரிக்கை அனுப்பும். ஒழுங்காக எழுதிய ஆப் உடனே நிறுத்திக்கொள்ளும். அந்த எச்சரிக்கையைக் காதில் வாங்காத ஆப், பாதி வசனத்தில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி தொடரும். போனை வைத்திருப்பவர் பதறித் துழாவுவதைப் பார்த்திருப்பீர்கள். அவரையும் "வளர்ப்பு சரியில்லை" கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

சரி, பயணி என்ன செய்யலாம்? ஏறி உட்கார்ந்ததும், இயர்போன் மாட்டுவதற்கு முன்னால், வால்யூம் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். ஆண்ட்ராய்டில், திரையில் வரும் கோட்டின் பக்கத்தில் மூன்று புள்ளியோ அம்புக்குறியோ இருக்கும்; அதைத் தொட்டால் எல்லா வால்யூமும் விரியும். மீடியாவை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். "முன்னால்" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்பீக்கருக்கு ஓர் அளவு, இயர்போனுக்கு ஓர் அளவு என்று போன் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். இயர்போனோடு குறைத்தால் அது மட்டும் குறையும். கழன்றவுடன் ஸ்பீக்கர் பழைய அளவில் கத்தும். கழற்றிவிட்டுக் குறைத்தால், நடுவழியில் புளூடூத் அறுந்தாலும் சத்தம் வெளியே வராது. நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் "டு நாட் டிஸ்டர்ப்" அமைப்புக்குள் மீடியா சத்தத்தை அனுமதிக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்து இரவு 10 முதல் காலை 6 வரை நேரம் குறித்துவிட்டால் தினமும் நினைக்கவேண்டியதில்லை. ஐபோனில் ஷார்ட்கட்ஸ் ஆப்பில், குறிப்பிட்ட ஆப் திறந்ததும் வால்யூமைப் பூஜ்யமாக்கும்படி ஓர் ஆட்டோமேஷன் போடலாம். ஆனால் இயர்போன் மாட்டியிருக்கும்போதும் அது பூஜ்யமாக்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஏற்றிக்கொள்ளவேண்டும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்தால் இதெல்லாம்கூட வேண்டாம். பிளே பட்டனைத் தொட்டுவிட்டுப் போனைக் காதோடு வைத்தால் போதும், போன் பேசும்போது கேட்பதுபோலக் காதுக்கு மட்டும் கேட்கும்.

இப்போது பிரசாரத்துக்கு வருகிறேன். பயனில்லை என்ற உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. "பிறரை மதியுங்கள்" என்ற வகைப் பிரசாரத்தால் பயனில்லை என்றால் ஏற்கிறேன். ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பவர், தான் பிறரை மதிக்கவில்லை என்று நினைப்பதில்லை. அந்த வாசகம் வேறு யாருக்கோ என்று கடந்துபோவார். சிங்கப்பூர் 1979-லேயே அரசு அளவில் பண்புப் பிரசாரம் தொடங்கிய நாடு. பொது அறிவிப்புகள் தமிழிலும் வரும் ஊர். அங்கே ரயில், பஸ் பயணிகளுக்காக உருவாக்கிய கார்ட்டூன் பாத்திரங்களைப் பாருங்கள். ஒரு பாத்திரம் எழுந்து இடம் கொடுக்கும், ஒன்று உள்ளே நகர்ந்து நிற்கும், ஒன்று பையைக் கீழே இறக்கும், ஹஷ்-ஹஷ் ஹன்னா சத்தத்தைக் குறைக்கும். ஆளுக்கு ஒரே ஒரு செயல். பார்த்தவர் கையால் உடனே செய்யக்கூடியது.

நம் ரயில்வேயும் 2022 ஜனவரியில் ஒன்று செய்தது: இயர்போன் இல்லாமல் சத்தமாகப் பாட்டுக் கேட்கக்கூடாது, போனில் உரக்கப் பேசக்கூடாது, இரவு 10 மணிக்குமேல் இரவு விளக்கைத் தவிர மற்றதை அணைக்கவேண்டும், ரயில் ஊழியர்கள் பயணிகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவேண்டும். நல்ல விதி. உங்கள் பெட்டியில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரியவைப்பதுதான் பிரசாரத்தின் வேலை. டிடிஇ கண்ணில் படாவிட்டால் 139-ஐ அழைக்கலாம். ரயில்மதத் ஆப்பில் பிஎன்ஆர் எண்ணோடும் புகார் பதியலாம். கோச், பெர்த் எண்ணைச் சரியாகச் சொல்லுங்கள். "பக்கத்தில் ஒருவர்" என்று எழுதினால் ஊழியர் எந்தப் பெட்டிக்கு வருவார்?

ஒரு வகைப் பிரசாரத்தை மட்டும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். சத்தம் போட்டவரை ரகசியமாகப் படமெடுத்து, முகத்தோடு பதிவேற்றி, ஊர் கூடித் திட்டவைப்பது. அந்த ஆள் உங்கள் பெட்டியில் இருந்தபோது அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், இறங்கியபின் லட்சம் பேரிடம் காட்டிக்கொடுப்பது எந்த வகையில் பொது இடப் பண்பு? அவர் காது மந்தமானவராக இருக்கலாம். முதன்முதலாகப் போன் வாங்கிய முதியவராக இருக்கலாம். "அண்ணே, இயர்போன் இருக்கா? இல்லேன்னா கொஞ்சம் குறைச்சுக்குங்க, குழந்தை தூங்குது" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் குறைத்துவிடுவார்கள்.

பிரசாரம் செய்யும் இளைஞர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மூன்றே வரி: "வால்யூம் பட்டனை அழுத்துங்கள். மீடியாவை அடிவரை இறக்குங்கள். பிறகு இயர்போன் மாட்டுங்கள்." பக்கத்தில் அந்தக் கோட்டின் படம். ரயில்வேயிடம் அனுமதி கேட்டு, பெட்டியில் சார்ஜர் பிளக்கிற்கு மேலே ஒட்டுங்கள். போனைக் கையில் வைத்திருப்பவர் எல்லோரும் ஒருமுறையாவது பார்க்கும் இடம் அது.