மச்சான் கேட்கும் டிராக்டரும் நீங்கள் வாங்கப்போகும் கடனும்

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் வேலை பார்க்கிறேன், மாதச் சம்பளம் 2,800 வெள்ளி. பட்டுக்கோட்டைப் பக்கம் என் மனைவியின் தம்பி பழைய டிராக்டர் ஒன்றை நான்கு லட்சம் ரூபாய்க்குப் பேசி வைத்திருக்கிறார். வாடகைக்கு ஓட்டினால் ஒரே வருடத்தில் பணம் திரும்பிவிடும் என்கிறார். உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில் 6,000 வெள்ளி வாங்கி அனுப்ப நினைக்கிறேன். முன்பு போர்வெல்லுக்கும் கல்யாணத்துக்கும் அனுப்பியதில் கிரெடிட் கார்டில் 3,200 வெள்ளி பாக்கி நிற்கிறது. டிராக்டரில் எதையெல்லாம் பார்க்கச் சொல்வது?

பதில்: டிராக்டருக்கு அப்புறம் வருகிறேன். ஊரிலிருந்து போன் வந்ததும் கடன் வாங்கி அனுப்புகிறீர்களே, முதலில் அதை நிறுத்துங்கள். இது மூன்றாவது முறை. முதல் இரண்டே இன்னும் அடையவில்லை.

கணக்கைப் பாருங்கள். இங்கே உரிமம் பெற்றவர்கள் மாதம் 4 சதவீதம் வரை வட்டி வாங்கலாம். கடன் தொகையில் 10 சதவீதம் வரை கட்டணமும் உண்டு. 6,000 வெள்ளியில் 600 பிடித்தால் கைக்கு 5,400. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் மூன்றரை லட்சம்தான். மச்சான் கேட்டதற்கே அரை லட்சம் குறைகிறது! பன்னிரண்டு மாதத்தில் அடைத்தால் மாதம் சுமார் 640 வெள்ளி, மொத்தம் 7,670. அதாவது மூன்றரை லட்சம் அனுப்ப ஐந்து லட்சம் கட்டுகிறீர்கள்.

இனி அந்த வாடகைப் பேச்சு. டீசல், டிரைவர் கூலி போக மணிக்கு 400 ரூபாய் மிஞ்சுவதாகவே வைப்போம். ஐந்து லட்சத்துக்கு 1,250 மணி நேரம் ஓட வேண்டும். தினம் எட்டு மணி என்றால் நூற்றைம்பது நாளுக்கு மேல். குறுவை, சம்பா உழவு முடிந்தால் வண்டி கொட்டகையில்தான் நிற்கும். வேளாண் பொறியியல் துறையும் குறைந்த வாடகைக்கு டிராக்டர் விடுகிறது.

கார்டு பாக்கியை வேறு வங்கிக்கு மாற்றும் 'பூஜ்ய வட்டி' பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் விளம்பரத்தைப் பார்த்தும் மயங்காதீர்கள். தொடக்கத்திலேயே கட்டணம் எடுப்பார்கள். சலுகைக் காலம் முடிந்தபின் மிச்சப் பாக்கிக்கு முழு வட்டி.

சரி, என்ன செய்யலாம்? கார்டு பாக்கிக்கு ஆண்டு வட்டி 27 சதவீதத்தை ஒட்டி இருக்கும், மாதம் 70 வெள்ளி வீணாகிறது. மாதம் 400 கட்டினால் ஒன்பது மாதத்தில் தீரும். அதன் பிறகு சேமிப்பிலிருந்து முன்பணத்துக்கு மட்டும் உதவுங்கள். மிச்சத்துக்கு மச்சான் தன் பெயரில், ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றை) அடமானம் வைத்து ஊரிலேயே டிராக்டர் கடன் எடுக்கட்டும். தன் பெயரில் கடன் எடுக்க அவரே தயங்கினால், அந்த ஒரு வருடக் கணக்கில் அவருக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். இதை உங்கள் மனைவியிடம் முதலில் பேசுங்கள். அக்கா சொன்னால் தம்பி கேட்பார்.

வண்டி பார்க்க காலையில் போகச் சொல்லுங்கள், ஸ்டார்ட் செய்யும் முன் என்ஜினைத் தொட்டுப் பார்க்கட்டும். ஏற்கெனவே சூடாக இருந்தால் இவர் வரும் முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் முக்கியம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டரைப் பின்னால் மாட்டி, டிராக்டரின் ஹைட்ராலிக் லிஃப்டில் தூக்கிவிட்டு என்ஜினை அணைக்கட்டும். மளமளவென்று கீழே இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு. எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம், அதை மாற்ற முடியும். பெடல் ரப்பரும் பின் டயரும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பது உண்மையைச் சொல்லும்.

பேப்பர் இன்னும் முக்கியம். சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். அதில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), அந்தப் பெயரை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வரும்வரை அட்வான்ஸ்கூட கூடாது. முழுப் பணம், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்திடும் நாளில்தான்.