கறுப்பு வெள்ளை பிரிண்ட் வெளுக்குமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்க்ஜெட்ல கறுப்பு வெள்ளை போட்டோ போடுறேன் சார். என் இங்க்கும் பேப்பரும் எவ்ளோ தாங்கும்னு வீட்லயே டெஸ்ட் பண்ண முடியுமா?

பதில்: தாராளமா முடியும். போட்டோவை வச்சு பண்ணாதீங்க, வெள்ளையில ஆரம்பிச்சு முழு கறுப்பு வரைக்கும் படிப்படியா போற கிரே பட்டை ஒண்ணு பிரிண்ட் போட்டு, இங்க் நல்லா காய ரெண்டு மூணு நாள் விட்டுட்டு, நீளவாக்குல பாதியை அலுமினியம் ஃபாயிலால மூடி வெயில் படுற ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க. அதே மாதிரி இன்னொரு பட்டையை கவர்ல போட்டு டிராயர்ல வைங்க. ஃபாயில் வெளிச்சத்தைத்தான் தடுக்கும், சூடும் காத்தும் மூடின பாதியையும் தொடும், அதனால டிராயர் பட்டை இல்லாம கணக்கு சரியா வராது.

மேகம், மழைனு ஜன்னல் வெளிச்சம் தினமும் மாறும், அதனால புளூ வுல் கார்டு ஒண்ணு பக்கத்துல வைங்க. நீலச் சாயம் போட்ட 8 கம்பளித் துண்டு இருக்கும், முதல் துண்டு சீக்கிரம் வெளுக்கும், அடுத்தடுத்த ஒவ்வொண்ணுக்கும் முந்தினதைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வெளிச்சம் வேணும். உங்க பிரிண்ட் மாறுறப்போ எந்தத் துண்டு வெளுத்திருக்குனு பாத்தாலே அதோட தாங்கும் சக்தி தெரிஞ்சிடும்.

கேள்வி: சில மாசம் ஜன்னல்ல வச்சேன். கறுப்பு குறையவே இல்ல, ஆனா வெளிர் கிரே எல்லாம் நிறம் மாறின மாதிரி இருக்கு. பிரமையா?

பதில்: பிரமை இல்லீங்க, கறுப்பு வெள்ளையில முதல்ல பாக்க வேண்டியதே இதுதான். கறுப்பு இங்க்குல இருக்குற கார்பன் பிக்மென்ட் (கரையாத நிறத் தூள்) வெளிச்சத்துக்கு அசையாது, ஆனா தனியா அடிச்சா லேசா பழுப்பா வரும், அதை நியூட்ரல் ஆக்க சயான், மெஜந்தா மாதிரி கலர் பிக்மென்ட் கொஞ்சம் சேப்பாங்க. வெளுக்குறது அந்தக் கலர்தான், அதுவும் எல்லாம் ஒரே வேகத்துல வெளுக்காது, ஒண்ணு முந்திப் போனா மிச்சம் இருக்குறதோட சாயல் மேல தெரியும். கலர் போட்டோவுல இவ்ளோ சின்ன மாற்றம் கண்ணுக்கே படாது, சாம்பல்ல உடனே உறுத்தும்.

அளந்து பாக்க ஸ்பெக்ட்ரோ (நிறத்தை எண்ணா அளக்குற கருவி) இருந்தா, அது காட்டுற L*a*b* நிற எண்கள்ல ஏ (சிவப்பு-பச்சை சாயல்), பி (மஞ்சள்-நீலச் சாயல்) ரெண்டையும் கவனிங்க. இல்லேன்னா ஸ்கேனர்ல ஆட்டோ கரெக்ஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஜன்னல் பட்டையையும் டிராயர் பட்டையையும் ஒண்ணா வச்சு ஸ்கேன் பண்ணி ஒவ்வொரு படியிலயும் சிவப்பு, பச்சை, நீலம் எண்களை ஒப்பிடுங்க. நான் சொல்றது, ரொம்ப காலம் நிக்கணும்னா அந்தப் பழுப்புச் சாயலை ஏத்துக்கிட்டு முழு கார்பன் இங்க், காட்டன் பேப்பர்னு போயிடுங்க, பார்க்கவும் அழகாவே இருக்கும்.

கேள்வி: பிரிண்ட் இல்லாத வெள்ளை ஓரமே மஞ்சளடிச்சிருக்கு. இதுவும் இங்க்காலயா?

பதில்: இங்க்குக்கு சம்பந்தமில்ல, பேப்பரோட வேலை. பளிச்சுனு தெரிய பேப்பர்ல பிரைட்னர்னு ஒரு ரசாயனம் கலப்பாங்க, அது யூவியை (கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி) வாங்கி நீலமா ஒளிரும், வெளிச்சம் பட்டுப்பட்டு அந்தச் சக்தி போயிட்டா பேப்பரோட சொந்த கிரீம் நிறம் வெளிய வந்துடும். இருட்டுல யூவி டார்ச் அடிச்சுப் பாருங்க, நீலமா ஜொலிச்சா பிரைட்னர் இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடியே சாம்பிள் ஷீட்ல இதைப் பண்ணிடுங்க.

கேள்வி: 100 வருஷம்னு பாக்கெட்ல போடுறாங்களே, நம்பலாமா?

பதில்: என்ன வெளிச்சத்துக்குனு கேளுங்க. பிரிண்ட் எவ்ளோ காலம் தாங்கும்னு டெஸ்ட் பண்ற வில்ஹெல்ம் ஆய்வகம் ஒரு வருஷத்தை தினம் 12 மணி நேரம் 450 லக்ஸ்னு (லக்ஸ்னா வெளிச்சத்தோட அளவு) வச்சுக்குது, அதாவது வருஷத்துக்கு சுமார் 20 லட்சம் லக்ஸ் மணி (லக்ஸை மணி நேரத்தால பெருக்கினது). சுவர்ல 150 லக்ஸ்தான் விழுதுன்னா அதே பிரிண்ட் மூணு மடங்கு தாங்கணும், நேரடி வெயில் 1 லட்சம் லக்ஸ் வரும், அங்க ஒரு வருஷக் கணக்கு 20 மணி நேரத்துல தீர்ந்துடும். அதோட இதெல்லாம் கடும் வெளிச்சத்துல வேகமா பண்ற டெஸ்ட், மங்கின வெளிச்சத்துல மெதுவா நடக்குறது அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது, காத்துல இருக்குற ஓசோன் வாயுவுக்கும் ஈரப்பதத்துக்கும் தனித்தனி டெஸ்ட் வேணும். வருஷத்தைவிட லக்ஸ் மணி போட்டிருந்தா அதை நம்பி ஒப்பிடுங்க.

கேள்வி: கண்ணாடி போட்டு ஃப்ரேம் பண்ணிட்டா போதுமா?

பதில்: பாதி உதவும். ஓசோன் பெருசா உள்ள வராது, டை இங்க்குக்கு (பிக்மென்ட் தூள் இல்லாம, கரைஞ்ச சாயத்துல பண்ண இங்க்) இது ரொம்ப முக்கியம். யூவியும் கொஞ்சம் குறையும், ஆனா கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமும் வெளுக்க வைக்கும், அதனால ஜன்னலுக்கு எதிர்ல மாட்டாதீங்க. மவுண்ட் போர்டு (பிரிண்ட்டைச் சுத்தி வைக்குற தடிமன் அட்டை) வச்சு பிரிண்ட் கண்ணாடியில ஒட்டாம இடைவெளி விடுங்க.