வன்னியில் வண்டு என்றால் பூச்சி மட்டுமல்ல

அகராதியில் இல்லாமல் அன்றாடப் பேச்சில் மட்டும் வழங்கும் சொற்கள் உங்கள் ஊரில் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கையின் வடக்கே, வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சிக்காரி. எங்கள் தலைமுறைக்கு அப்படிப்பட்ட சொற்களைத் தந்தது பெரும்பாலும் போர்க்கால வானம்தான்.

கிபிர் என்பது 1996இல் இலங்கை விமானப்படை இஸ்ரேலிடம் வாங்கிய போர் விமானத்தின் பெயர். எபிரேய மொழியில் அதற்குச் சிங்கக்குட்டி என்று பொருள். வளர்ந்த பிறகே அறிந்தேன். பின்னர் மிக் விமானங்கள் வந்தபோது அவற்றையும் கிபிர் என்றே அழைத்தோம். 'கிபிர் வருகிறது' என்றால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு, ஓட வேண்டும்.

வண்டு நாங்களே வைத்த பெயர். ஆளில்லா வேவு விமானம் மணிக்கணக்கில் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் கண்ணில் படாது, ரீங்காரம் மட்டும் கேட்கும். அந்தப் பெயரை முதலில் யார் சொன்னார்களோ, அவர்களுக்குக் கூர்மையான காது. 'வண்டு சுற்றுகிறது' என்றால் அடுத்துச் செல் என்னும் எறிகணையோ கிபிரோ வரக்கூடும் என்று சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

தறப்பாள், அதாவது தார்ப்பாய், ஆங்கிலத்திலிருந்து வந்தாலும் நாவில் தமிழாகவே மாறிவிட்டது. 2009இல், போரில் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாம்களில் எங்களுக்கு அதுதான் கூரை, அதுதான் சுவர்.

திட்டமிட்டு ஆக்கிய சொற்களும் உண்டு: பேக்கரிக்கு வெதுப்பகம், ஐஸ்கிறீமுக்குக் குளிர்களி. வெதுப்பகம் என்னும் சொல்லில் பாணின் (ரொட்டியின்) இளஞ்சூடே இருக்கிறது; எனக்கு மிகவும் பிடித்த சொல். பெயர்ப்பலகைகளில் இன்றும் காண்கிறேன். ஆனால் பாண் வாங்கப் புறப்படுகிறவர் பேக்கரிக்குப் போகிறேன் என்றுதான் சொல்கிறார். எனக்கு அது வருத்தம்தான்.

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் படம்பிடிக்க ட்ரோன் பறக்கவிட்டார்கள். சத்தம் கேட்டதும் அம்மா 'வண்டு' என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். போருக்குப் பின் பிறந்த, சகோதரியின் மகளான என் பெறாமகள், 'எங்கே அம்மம்மா வண்டு?' என்று பூமாலைகளுக்குள் தேடினாள். மேலே காட்டினேன். அன்றிலிருந்து அவளும் அவள் தோழிகளும் கலியாண வீட்டுக் கமராவை வண்டு என்றே சொல்கிறார்கள். அதைக் கண்டால் கையசைக்கிறார்கள்.