ரிப்பேர் ஆனது இன்ஸ்ட்ரூமென்ட் இல்லை

கேள்வி: மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் துறையில் முழுநேர பிஎச்.டி. செய்கிறேன். 2022 ஜூலையில் சேர்ந்தேன். எங்கள் துறையில் ஆண்டுக்கு ஒருமுறை டாக்டோரல் கமிட்டி முன்னால் பிரசன்டேஷன் கொடுக்க வேண்டும். போன முறை வெளியிலிருந்து வந்த பேராசிரியர் மூன்றாவது ஸ்லைடிலேயே நிறுத்தி, "போன வருஷமும் இதைத்தானே காட்டினீங்க? ஒரு வருஷமா என்ன பண்ணீங்க?" என்று ஜூனியர்கள் எதிரிலேயே கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இடையில் பாப்பா பிறந்தாள், அதைக் கமிட்டியில் சொல்லவில்லை. ஏழாம் மாதம் வரை லேப் கோட் போட்டுக்கொண்டே இருந்ததால் துறையில் பலருக்குத் தெரியவும் தெரியாது. கைடு மேடம் சொன்னபடி ரிப்போர்ட்டில் இன்ஸ்ட்ரூமென்ட் ரிப்பேர் என்று போட்டிருந்தேன், அதையே சொன்னேன். அவர் சிரித்தார். அடுத்த பிரசன்டேஷன் வருகிறது, நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அவரைக் கமிட்டியிலிருந்து மாற்றச் சொல்லலாமா? அல்லது அவர் வர முடியாத தேதியாகப் பார்த்து வைக்கச் சொல்லலாமா? பாப்பாவை ஊரில் அம்மா பார்த்துக்கொள்கிறார்.

– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. கைடு சரியில்லை, கமிட்டி சரியில்லை, எல்லார் முன்னாலும் மானம் போயிற்று என்றுதான் எல்லாவற்றிலும் இருக்கும். உங்கள் கடிதத்திலும் அந்தப் பேராசிரியர்தான் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறார். பெற்ற குழந்தைக்குக் கிடைத்தது இரண்டு வரி. அந்த வரிகளை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவர் கேட்ட தொனி நன்றாக இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஒரு வருஷமாக என்ன செய்தாய் என்று கேட்பதற்குத்தான் அந்தக் கமிட்டியே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு உங்களிடம் முழு உண்மையான, வெட்கப்பட ஒன்றுமே இல்லாத ஒரு பதில் இருந்தது: "சார், குழந்தை பெற்றேன்." அதை விழுங்கிவிட்டு ஒரு மெஷின் மேல் பழியைப் போட்டீர்கள். அவர் சிரிக்காமல் என்ன செய்வார்? அவரும் வேதியியல் பேராசிரியர்தானே. எந்தக் கருவியின் பக்கத்திலும் ஒரு லாக் புக் இருக்கும், யார், எந்தத் தேதி, எந்த சாம்பிள் என்று எழுதியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? உங்களுக்கு அடுத்து எழுந்து பேசிய ஜூனியர் தன் டேட்டாவை எந்தக் கருவியில் எடுத்தாள்? அதே லேப் என்றால், உங்கள் பொய் அவள் ஸ்லைடிலேயே அம்பலம் ஆகியிருக்கும்.

எனக்கு அதைவிடக் கோபம் அந்த லேப் கோட் மேல்தான். ஏழு மாதம்! என்னென்ன கரைப்பான்களோடு அந்த லேபில் நின்றீர்கள்? டி.எம்.எஃப். என்ற கரைப்பான் பாட்டிலின் லேபிளிலேயே வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு வரலாம் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும், நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பம் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், "அந்த ரியாக்ஷனை வேறு யாராவது போடட்டும், நீ உட்கார்ந்து லிட்டரேச்சர் ரிவ்யூ எழுது" என்று சொல்ல நாலு பேர் இருந்திருப்பார்கள். ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற வயிற்றுப் பிள்ளையை, நச்சுப் புகையை இழுக்கிற ஃப்யூம் ஹூட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். குழந்தை நன்றாக இருக்கிறாள் அல்லவா, சரி. அதற்காக அது சரியாகிவிடாது.

"சீரியஸ் இல்லாத பெண் என்று நினைப்பார்கள்" என்று பயம். வேறு என்ன காரணம் இருக்கப்போகிறது? கல்யாணமான ஸ்காலர் என்றாலே முகம் சுளிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் மறைத்ததால் அவர்களுக்கு என்ன தெரிந்தது? ஒரு வருஷம் சும்மா இருந்த பெண் என்று தெரிந்தது. தாய் என்ற பெயருக்குப் பயந்து சோம்பேறி என்ற பெயரை வாங்கி வந்திருக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் ஜூனியர் கர்ப்பமானால் அவளும் ஒரு லேப் கோட்டைத் தேடுவாள். முன்னால் போன அக்கா அப்படித்தானே செய்து காட்டினாள்.

இனி விதிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மேடம் அதை உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. யு.ஜி.சி.யின் 2016 பிஎச்.டி. ஒழுங்குமுறையிலேயே இருந்தது, 2022-இல் வந்ததிலும் இருக்கிறது: பெண் ஆய்வாளருக்குப் படிப்புக் காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு கொடுக்கலாம். 2022 விதி அந்த ஆண்டு நவம்பரில்தான் வந்தது, ஜூலையில் சேர்ந்த உங்களுக்கு 2016 விதிதான்: பிஎச்.டி. முடிக்க அதிகபட்சம் ஆறு ஆண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு. எல்லாம் "கொடுக்கலாம்" என்றுதான் எழுதியிருக்கிறது, கவனியுங்கள். கேட்காதவளுக்கு யாரும் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டார்கள். உங்கள் ஆறு ஆண்டு 2028 ஜூலையில் முடிகிறது. பாப்பாவுக்காகப் போன மாதங்களும் அதற்குள்தான் கழிந்துகொண்டிருக்கின்றன.

இன்னொன்று. அதே 2016 விதிப்படி ஆய்வாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழு முன் வந்து பேச வேண்டும். உங்கள் துறை அதை ஆண்டுக்கு ஒன்றாகச் சுருக்கி, டீ, சமோசா, பொன்னாடை என்று ஒரு விழாவாக்கிவிட்டது போலிருக்கிறது. (அந்தச் செலவும் ஸ்காலர் தலையில்தானே?) முன்னேற்றம் போதவில்லை என்றால் குழு காரணத்தை எழுதி, என்ன திருத்த வேண்டும் என்று சொல்லும். அதையும் செய்யாவிட்டால் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது இன்ஸ்ட்ரூமென்ட் ரிப்பேர். அதைப் படித்துவிட்டு, "வேறு பல்கலைக்கழகத்தில் போய் சாம்பிளை ரன் செய்துகொண்டு வா" என்று எழுதுவார்கள். உங்களுக்கு வேண்டியது நாட்கள். கால்வலிக்காரி பல் டாக்டரிடம் போன கதை இது.

மேடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுப்புக்கு எழுதினால் ஃபைல் நகர வேண்டும், கையெழுத்து, பதில், அலைச்சல். ரிப்பேர் என்று போட்டால் ஒரு வரியில் முடிந்தது. அவருக்கு அது சௌகரியம். காலம் முடிந்து நிற்கப்போவது நீங்கள்.

அதனால் செய்ய வேண்டியது இது. துறைத் தலைவருக்கு, கைடு மூலமாக, ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் இணையுங்கள். போன ரிப்போர்ட்டில் எழுதிய காரணம் சரியில்லை, உண்மைக் காரணம் இது என்று ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், அழுகை வேண்டாம். மேடம் கையெழுத்துப் போட யோசித்தால், நீங்களே நேராகத் தலைவரிடம் போகப்போவதாகச் சொல்லுங்கள். முடிந்துபோன மாதங்களுக்கு விடுப்பு கொடுப்பது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. மறுத்தாலும் நீங்கள் கேட்டது எழுத்தில் இருக்கும், நீட்டிப்புக் கேட்கும்போது அதுதான் பேசும். பிரசன்டேஷனில் பழைய ஸ்லைடுக்குத் தேதி மாற்றும் வேலை வேண்டாம். வராத ரியாக்ஷன்களைக் காட்டுங்கள், எந்தக் கரைப்பானில், எந்த வெப்பநிலையில், ஏன் வரவில்லை என்று. வேதியியலில் அதுவும் வேலைதான், நோட்டுப் புத்தகத்தில் இருந்தால்.

பேராசிரியரை மாற்றுவதும் வேண்டாம், தேதியில் தந்திரமும் வேண்டாம். உங்கள் ரிப்போர்ட்டை நம்பாத ஒரே ஆள் அவர். அவர் வருகிற நாளிலேயே வைக்கச் சொல்லுங்கள், விண்ணப்ப நகல் முன்கூட்டியே அவர் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் கணவர். கடிதத்தில் அவர் ஒரு வரியில்கூட இல்லை. பேத்தியை வளர்ப்பது அம்மா, ஆய்வு செய்வது நீங்கள், அப்பா எங்கே? பிள்ளையைப் பாட்டியிடம் விடுவது நம் வீடுகளில் புதிதில்லை, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டி துணைக்குத்தான், அப்பாவுக்குப் பதிலுக்கு இல்லை. பிரசன்டேஷனுக்கு முந்தைய வாரம் அவரை லீவு போட்டு ஊருக்குப் போய்ப் பாப்பாவோடு இருக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் அதற்கும் எனக்கு எழுதுங்கள், அதற்குத் தனியாகப் பதில் இருக்கிறது.