அந்த பேட்டரி எப்போது கடைக்கு வரும்?

கேள்வி: 5 நிமிடத்தில் சார்ஜ், 1,000 கிலோமீட்டர் ஓட்டம், பத்து மடங்கு கொள்ளளவு என்று மாதம் ஒரு செய்தியாவது படிக்கிறேன். கடையில் போய்க் கேட்டால் எதுவும் இல்லை. மின் ஸ்கூட்டர் வாங்கலாம் என்றால், ‘சோடியம் பேட்டரி வரப்போகுது, பொறுங்கப்பா’ என்கிறான் மகன். காரைக்குடியில் சிக்ரியை (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வைத்துக்கொண்டு நமக்கே இந்த நிலைமை. இந்த விஞ்ஞானிகள் சொல்வதெல்லாம் பொய்தானா?
— வாசகர் ஒருவர், பள்ளத்தூர்

பதில்: பொய் இல்லை. எந்த அளவு செல்லில், எத்தனை முறை சார்ஜ் ஏற்றி இறக்கி அந்தக் கணக்கு வந்தது என்பதைச் செய்தி எழுதுகிறவர் விட்டுவிடுகிறார். உங்கள் கோபம் அவர் மேல் போகட்டும், சிக்ரி மேல் வேண்டாம்.

புதுப் பொருள் ஒன்று கிடைத்தால் ஆய்வுக்கூடத்தில் முதலில் அதைச் சோதிப்பது காயின் செல்லில். கார் ரிமோட்டில் போடுகிறோமே, அதே மாதிரி 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வில்லை. பொடி 80 பங்கு, கார்பன் பிளாக் 10 பங்கு, ஒட்டுகிற பாலிமர் 10 பங்கு என்று சேர்த்துக் கரைப்பானில் கூழாக்கி, உலோகத் தாளில் மெல்லிசாகப் பூசி, காயவைத்து வட்டமாக வெட்டுவார்கள். பிறகு ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியாகக் கைவிட்டு, ஒவ்வொன்றாக அடுக்கி அழுத்தி மூடுவார்கள். அந்தப் பூச்சில் சதுர சென்டிமீட்டருக்கு 1, 2 மில்லிகிராம் பொருள் இருந்தால் அதிகம். விற்பனைக்கு வருகிற செல்லில் அதே இடத்தில் 15, 20 மில்லிகிராம் வேண்டும். இல்லையென்றால் வெறும் தாளுக்கும் உறைக்கும்தான் எடை போகும்.

மெல்லிய பூச்சில் லித்தியம் அயனி கடக்க வேண்டிய தூரம் குறைவு. 5 நிமிட சார்ஜ் அங்கே பெரிய காரியமே இல்லை. பூச்சு தடித்தால், அடிவரை போய்ச்சேர அயனிக்கு நேரம் போதாது. உள்ளே நுழைய முடியாத லித்தியம், சார்ஜ் ஏறும்போது அதைப் பிடித்துவைக்கிற கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படியும். அது முள் முள்ளாக வளர்ந்து நடுவில் இருக்கும் பிரிப்பானைத் துளைத்தால் ஷார்ட் ஆகும். துளைக்காவிட்டாலும், படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி திரும்ப வேலைக்கு வராது.

அடுத்த விஷயத்தைப் பெரும்பாலான செய்திகள் தொடுவதே இல்லை. காயின் செல்லில் எதிர்ப்பக்கம் வைப்பது லித்தியத் தகடு. தேவைக்கு மேல் பல மடங்கு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் வீணாகும், தகட்டிலிருந்து அது நிரம்பிவிடும், இழப்பு வெளியே தெரியாது. ஸ்கூட்டர் செல்லில் அப்படி உபரி கிடையாது. முதலில் போட்டதுதான் கடைசிவரை. ‘99.9 சதவீதத் திறன்’ என்று பெருமையாகப் போடுகிறார்களே, அந்த இழப்பே ஒவ்வொரு சார்ஜுக்கும் தொடர்ந்தால் 1,000 சார்ஜில் மிஞ்சுவது 37 சதவீதம். 99.99 என்றால் 90 சதவீதம் நிற்கும். புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த இரண்டாவது 9-க்காகத்தான் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். செய்தியில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பத்து மடங்கு கொள்ளளவு என்பது சிலிக்கான். கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி பிடிக்கும், சிலிக்கான் 3,579. உண்மைதான். ஆனால் செல்லின் மொத்த எடையில் கிராஃபைட் கால் பங்கைத் தாண்டாது. அந்தக் கால் பங்கைப் பத்தில் ஒன்றாக்கினாலும் செல்லுக்குக் கிடைப்பது 30 சதவீதத்துக்குள்தான். அதற்கும் சிலிக்கான் மூன்று நான்கு மடங்கு ஊதிச் சுருங்கி நொறுங்காமல் இருக்க வேண்டும்.

5 நிமிட சார்ஜுக்கு வீட்டுக் கணக்கும் ஒன்று உண்டு. 3 யூனிட், அதாவது 3 கிலோவாட்-மணி பேட்டரியை 5 நிமிடத்தில் நிரப்ப 36 கிலோவாட் வேண்டும். உங்கள் வீட்டு 16 ஆம்பியர் பிளக் தருவது மூன்றரை கிலோவாட். தெருமுனையில் இருப்பது 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கை உங்கள் ஒரு ஸ்கூட்டரே இழுத்துவிடும். அப்படி ஒரு பேட்டரி நாளைக்கே வந்தாலும் பள்ளத்தூரில் அதை அந்த வேகத்தில் சார்ஜ் போட முடியாது.

மகன் சொல்லும் சோடியம் நிஜமான பொருள்தான். சீனாவின் சிஏடிஎல் 2021-இல் அறிவித்த முதல் தலைமுறை சோடியம் செல்லுக்குக் கிலோவுக்கு 160 வாட்-மணி. இப்போது கடையில் கிடைக்கும் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட், அதாவது எல்எஃப்பி செல்லும் ஏறக்குறைய அதே அளவு தருகிறது. சோடியத்துக்குத் தாமிரத் தாள் வேண்டாம், இரண்டு பக்கமும் அலுமினியம் போதும். கடுங்குளிரிலும் நன்றாக வேலை செய்யும். குளிர் நமக்குப் பிரச்சினையே இல்லை. விலை குறையும் என்பதுதான் பெரிய எதிர்பார்ப்பாக இருந்தது. 2022-இல் உச்சிக்குப் போன லித்தியம் விலை அதற்குப் பிறகு சரிந்ததும் அந்த ஆதாயமும் சுருங்கிவிட்டது. எடை பெரிதில்லாத இன்வெர்ட்டருக்கும் சூரிய மின் சேமிப்புக்கும் சோடியம் நன்றாகவே பொருந்தும். அதற்காக ஸ்கூட்டரைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இனி சிக்ரி. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் திறக்கப்பட்ட நிறுவனம் அது. அது ஆய்வுக்கூடம், தொழிற்சாலை அல்ல. உலோக அரிமானத்தைப் பார்ப்பதற்கென்றே ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரில், கடற்காற்றில் தகடுகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். வேறு குறுக்குவழி கிடையாது. பேட்டரியும் அப்படித்தான். லித்தியம் அயனிக்கான அடிப்படை வேலை 1970-களில் தொடங்கியது, நேர்முனைக்கான கோபால்ட் ஆக்சைடு வந்தது 1980, சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991. அந்த வேலையைச் செய்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் கிடைத்தது 2019-இல். நாட்டில் செல் ஆலைகள் போதவில்லையே என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. ஆனால் முதலீட்டையும் மூலப்பொருளையும் ஏற்பாடு செய்ய வேண்டியவர்களிடம் கேளுங்கள்.

ஆகவே, தேவை இருந்தால் இப்போதே வாங்குங்கள். ‘எத்தனை கிலோமீட்டர்’ என்று கேட்காமல் ‘எத்தனை கிலோவாட்-மணி’ என்று கேளுங்கள். நம் சாலையில் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி தின்னும் என்று வைத்துக்கொண்டால் 3 கிலோவாட்-மணிக்கு 100 கிலோமீட்டர். விளம்பரம் 150 என்றால் நம்பாதீர்கள். எல்எஃப்பி கிடைத்தால் அதையே எடுங்கள். கொஞ்சம் கனமாக இருக்கும், வெயிலைத் தாங்கும், அதிக முறை சார்ஜ் போட்டாலும் உழைக்கும். பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 சான்று இருக்கிறதா, கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் வாரண்டியில் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பியே இல்லாத வயரிங் இன்னும் இருக்கிறது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போட்டு, தனி 16 ஆம்பியர் லைனும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்சிசிபி-யும் வைத்த பிறகே சார்ஜ் போடுங்கள். முகப்பில் தேக்குத் தூணை ஒட்டி நிறுத்த வேண்டாம், திறந்த இடம்தான் சரி. பங்குனி, சித்திரை வெயிலில் ஓட்டி வந்தால் அரை மணி நேரம் ஆறவிட்டு பிளக்கைச் செருகுங்கள்.

முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் ஸ்கூட்டரை முழு சார்ஜிலும் விடக்கூடாது, காலியாகவும் விடக்கூடாது. பாதி சார்ஜில் விட்டு, பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். காலியாகக் கிடந்தால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றே மிச்சத்தையும் உறிஞ்சும். மின்னழுத்தம் மிகவும் இறங்கினால் தாமிரத் தாள் கரையும்; திரும்ப சார்ஜ் போடும்போது அது வேண்டாத இடத்தில் படிந்து ஷார்ட் ஆகும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லி, மாதம் ஒருமுறை சார்ஜ் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் பாதிக்கு ஏற்றச் சொல்லுங்கள். அப்படியே நெடுநாள் செத்துக் கிடந்த வண்டி என்றால், நீங்களாக சார்ஜ் போட்டுப் பார்க்காமல் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு செல் மின்னழுத்தத்தை அளந்த பிறகே தொடுங்கள்.