சர்க்கரை மிகுந்தும் எதிர்ப்பு குறைவதேன்?

கேள்வி: சர்க்கரை நோயுள்ள என் தந்தை, காசநோய்க்காகத் தோப்பூர் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு நல்ல உணவுதானே?
– வாசகர், திருமங்கலம்

பதில்: மிக நுட்பமான கேள்வி. ஓய்விலிருக்கும் டி அணு (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒருவகை), அணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் சிக்கனமாக ஆற்றல் பெறுகிறது. கிருமியை இனங்கண்டதும், ஆக்சிஜன் இருக்கும்போதே குளுக்கோஸை விரைந்து லாக்டிக் அமிலமாக்கும் வழிக்கு மாறுகிறது. இவ்வழியில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 2 ஏடிபி (அணுவின் ஆற்றல் நாணயமான மூலக்கூறு) மட்டுமே மிஞ்சினாலும், பெருகும் அணுவுக்கு வேண்டிய மூலப்பொருள்கள் கிடைக்கின்றன. (புற்றுநோய்த் திசுக்களில் இதே போக்கை 1920களில் கண்டவர் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க்.) முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் ‘நினைவு’ டி அணுக்களோ பெரிதும் கொழுப்பை எரித்து நெடுநாள் வாழ்கின்றன.

ஆகவே எரிபொருளின் அளவைவிட, அதைத் தக்க வேளையில் மாற்றிக்கொள்ளும் திறனே முக்கியம். நீடித்த மிகைச் சர்க்கரை, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களின் செயல்பாட்டையும் குலைப்பதால், காசநோய் வாய்ப்பு ஏறத்தாழ 2 முதல் 3 மடங்காகிறது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வலுவைக் குறைக்கும். தந்தையாரின் இரு மருந்துச் சீட்டுகளையும் மருத்துவரிடம் சேர்த்தே காட்டுங்கள்.